சட்டப்படி நோயாளி

எங்கள் ஊரில் ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்ய நான்கு பிரபுக்கள் வேண்டும். வைத்தியர் வேண்டாம். பிரபுக்களிடம் குதிரையும் வாளும் இருந்தால் போதும். நால்வரில் ஒருவருக்காவது கண் நன்றாகத் தெரிந்தால் நல்லது, கட்டாயமில்லை.

இது ஹாமோவுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஆற்றங்கரையில் இருந்த பத்து ஏக்கர் புல்வெளி. அது அவன் அப்பாவுடையது; அதற்கு முன் அவருடைய அப்பாவுடையது. அந்தப் புல்தான் அவனுடைய இரண்டு எருதுகளையும் மூன்று பசுக்களையும் பனிக்காலம் முழுவதும் உயிரோடு வைத்திருந்தது. புல்வெளி போனால் மாடு போகும். மாடு போனால் உழவு போகும். பிறகு ஹாமோவும் அவன் மனைவி ஆல்டித்தும் இரண்டு மகள்களும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

ஆற்றுக்கு அக்கரையில் கறுப்பு அங்கித் துறவிகளின் மடம் இருந்தது. மடத்துக்கு நூறு மாடுகள். ஒரு நாள் மடத்துத் தலைவர் பெட்டிக்குள் ஒரு பழைய தோல் ஏட்டைக் கண்டெடுத்தார். ஏட்டுக்கு வயது நூறு. மை மட்டும் ஈரமாக இருந்தது. புல்வெளி மடத்துக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. மன்னரின் நீதிமன்றத்துக்கு வந்து பதில் சொல்லும்படி ஹாமோவுக்கு அழைப்பு வந்தது.

அழைப்பு வந்தது புல் அறுக்கும் வாரத்தில். அதே வாரம் ஹாமோ கெட்டுப்போன விலாங்கு மீனைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். வர முடியாதவன் இன்னொருவரை அனுப்பிக் காரணம் சொல்லலாம் என்பது வழக்கம். ஆல்டித் தன் தம்பி டன்ஸ்டனை அனுப்பினாள்.

"வழியில நோயா, கட்டில்ல நோயா?" என்று நீதிமன்ற எழுத்தர் கேட்டார்.

டன்ஸ்டன் நேர்மையானவன். "கட்டில்லதாங்க கிடக்காரு" என்றான்.

வழியில் நோய் என்றால் பதினைந்து நாள் தவணை. கட்டிலில் நோய் என்றால் நான்கு பிரபுக்கள். எழுத்தர் இதைச் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை.

பிரபுக்கள் வருவதற்கு நான்கு வாரம் ஆயிற்று. ஹாமோவுக்கு நான்கு நாளிலேயே சரியாகிவிட்டது. அவன் புல்வெளியில் அரிவாளோடு நின்றபோது ஆல்டித் வேலி மேல் ஏறிக் கத்தினாள்.

"ஏய்யா! நாலு குதிரை வருது! நீதிமன்றத்து ஆளுங்க போல! ஓடியாந்து படு!"

ஹாமோ ஓடி வந்தான். வாசலில் காலணியையும் கூடத்தில் இடுப்புப் பட்டையையும் கட்டில் ஓரத்தில் கால்சட்டையையும் கழற்றி எறிந்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்தான். மூச்சு வாங்கியது. அது நோய்க்குப் பொருத்தமாகவே இருந்தது.

நால்வருக்கும் தலைமை ஃபுல்க் பிரபு. பருத்த மனிதர். கட்டிலின் முன்னால் வந்து நின்றார்.

"நாக்கை நீட்டட்டுமா எசமான்?" என்றான் ஹாமோ.

"எதுக்கு? நாங்க என்ன வைத்தியரா? போர்வையைத் தூக்கு."

"எசமான், பொம்பளை நிக்கிறேன்" என்றாள் ஆல்டித்.

"அப்ப நீ திரும்பிக்கோ."

"நான் ஏன் திரும்பணும்? நான் பாக்காததா? நீங்க வேணா திரும்பிக்குங்க."

"நாங்க பாக்கத்தான்மா வந்திருக்கோம். இது சட்டம்."

பார்த்தார்கள். கால்சட்டை இல்லை. காலணி இல்லை. இடுப்புப் பட்டை இல்லை. நால்வரும் தலையாட்டிக்கொண்டார்கள். அவர்களில் இளையவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"தலையெல்லாம் புல்லா இருக்கே."

"தலையைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லை" என்றார் ஃபுல்க் பிரபு. பிறகு இளையவருக்குப் புரியும்படி விளக்கினார். "நான் இருபத்திரண்டு வருஷமா நோயாளி பாக்கறேன் தம்பி. காய்ச்சல் பொய் சொல்லும். நாடி பொய் சொல்லும். கால்சட்டை பொய் சொல்லாது. எந்திரிக்க நினைக்கிறவன் அதைத்தான் முதல்ல மாட்டுவான். போன மாசம் ஒருத்தன் செத்தே கிடந்தான். ஆனா கால்ல காலணி இருந்துச்சு. நல்லா இருக்கான்னு எழுதிட்டு வந்தோம். சட்டம்னா சட்டம்."

ஹாமோ நோயாளி என்று அறிவிக்கப்பட்டது. இனி ஒரு வருடமும் ஒரு நாளும் அவன் கட்டிலில் இருக்க வேண்டும். அதற்குள் எழுந்து நடமாடுவதை எதிர்த் தரப்பு பார்த்துவிட்டால் வழக்குத் தோற்றது, புல்வெளி மடத்துக்கு.

"எசமான், எனக்கு நாளைக்கே சரியாயிடும்" என்றான் ஹாமோ.

"ஆகாது" என்றார் ஃபுல்க் பிரபு அன்பாக. "ஒரு வருஷம் ஒரு நாள் ஆகும்."

அடுத்த நாள் காலையிலேயே மடத்தின் சார்பில் வழக்கு நடத்தும் துறவி, சகோதரர் ஜெர்வேஸ், ஒரு முக்காலியோடு வந்தார். கூடவே இரண்டு சாட்சிகள். வாசலுக்கு எதிரே இருந்த ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கட்டில் நேராகத் தெரியும். ஜெர்வேஸ் ஒல்லியானவர். வருடம் முழுவதும் ஜலதோஷம். கடமையில் மட்டும் குறை வைக்காதவர்.

"என்ன ஹாமோ, எந்திரிச்சிட்டியா?"

"இல்ல சாமி."

"எந்திரிக்கணும்னு தோணுதா?"

"தோணுது சாமி."

சாட்சிகளில் ஒருவன் அதைக் குறித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் ஹாமோ கொல்லைப்புறம் போக வேண்டும் என்று சொன்னபோது ஜெர்வேஸ் குழம்பினார். அது நடமாட்டமா, நோயின் பகுதியா? மடத்துக்கு எழுதிக் கேட்டார். மடம் பேராயர் அலுவலகத்துக்கு எழுதியது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. போகலாம், ஆனால் போகும்போது முகத்தில் நோயாளியின் வருத்தம் இருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் ஆல்டித் பட்ட பாட்டை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதவில்லை.

ஆகஸ்டில் கோதுமை முற்றியது. ஹாமோ இல்லாமல் அறுப்பு நடக்காது. எந்தப் பாத்தியை எப்போது அறுப்பது என்று அவனுக்குத்தான் தெரியும். ஆல்டித் எங்களிடம் வந்தாள்.

"எட்டுப் பேர் வாங்க. கட்டிலைத் தூக்கணும்."

"எங்க?"

"வயலுக்கு. கட்டில்ல இருக்கணும்னுதானே சொன்னாங்க. கட்டில் எங்க இருக்கணும்னு எவன் சொன்னான்?"

தூக்கினோம். வழியெல்லாம் ஜெர்வேஸ் முக்காலியோடு பின்னால் ஓடி வந்தார். "இது அநியாயம்! நோயாளி வெளிய வந்துட்டான்!"

"நான் எங்க சாமி வந்தேன்? கட்டில் வந்துச்சு" என்றான் ஹாமோ.

அறுப்பு முடியும்வரை கட்டில் வயலின் நடுவில் கிடந்தது. ஹாமோ அதில் சாய்ந்தபடி அரிவாள்களைத் தீட்டிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை கட்டில் தேவாலயத்துக்குப் போயிற்று. திங்கட்கிழமை ஆலைக்குப் போயிற்று. பியர் காய்ச்சும் விதவை வீட்டுக்கும் இரண்டு முறை போயிற்று; கதவு குறுகலாக இருந்ததால் நிலையை இடிக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நன்றாக ஊர் சுற்றியதில்லை என்று ஹாமோவே சொன்னான்.

செப்டம்பரில் மடத்துப் பன்றிகள் ஆற்றைக் கடந்து வந்து அவனுடைய அவரைப் பாத்திக்குள் புகுந்தன. தற்செயல் என்று மடம் பிறகு சொன்னது. பதினான்கு பன்றிகளும் ஒரே பாத்திக்கு ஒரே வரிசையில் தற்செயலாக வந்தன. ஹாமோ ஒரு நிமிடம் பொறுத்தான். பிறகு சட்டை மட்டும் போட்டபடி கையில் கிடைத்த கரண்டியோடு பாய்ந்தான்.

"எந்திரிச்சிட்டான்!" ஜெர்வேஸ் மகிழ்ச்சியில் அழுதார். சாட்சிகளைக் கட்டிப்பிடித்தார். "பாத்தீங்களா? ரெண்டு கால்லயும் ஓடுறான்!"

நான்கு பிரபுக்களும் திரும்ப வந்தார்கள். சாட்சிகளை விசாரித்தார்கள்.

"ஓடும்போது கால்சட்டை இருந்துச்சா?"

"இல்லீங்க."

"காலணி?"

"இல்லீங்க. ஆனா வேகமா ஓடினான்."

"வேகத்தை நான் கேட்டேனா? பட்டை கட்டியிருந்தானா?"

"இல்லீங்க."

"அப்ப அவன் எந்திரிக்கலை" என்றார் ஃபுல்க் பிரபு. "நோயாளி ஓடியிருக்கான். நோய் முத்திப்போச்சு. போர்வை இன்னும் ஒண்ணு குடும்மா."

பனி வந்தது. கட்டிலை வெளியே கொண்டுபோக முடியவில்லை. ஹாமோ வீட்டுக்குள்ளேயே கிடந்தான். ஜெர்வேஸும் மரத்தடியை விட்டுக் கதவுக்குள் வந்துவிட்டார். ஆல்டித் அவருக்குக் கஞ்சி ஊற்றினாள், மூக்கைச் சிந்த ஒரு துணியும் கொடுத்தாள். அக்கரையில் மடத்தார் மாலைப் பாட்டுப் பாடுவது தினமும் கேட்கும். சொல் லத்தீனில் இருந்ததால் எங்களுக்கு மெட்டு மட்டும்தான் புரியும். சும்மா கிடந்த ஹாமோ அந்த மெட்டுக்குள் எங்கள் பேச்சைப் போட்டான்.

ஆத்துக்கு இந்தப் பக்கம் ஆறு வில்லோ மரம்
ஆறாவது மரம் வரைக்கும் அப்பன் தந்த நிலம்
காத்துக்கிட்டு நிக்குதம்மா கறுப்பங்கித் தவம்
கட்டிலிலே நான் செத்தா கைக்கு வரும் வரம்.

வெள்ளைக்கல்லு கிழக்கு எல்லை, வாய்க்காலு மேற்கு
வேலிக்குள்ள பன்னி வந்தா வேதத்துல சாக்கு
எந்திரிச்சா போகுமாம், படுத்திருந்தா நிக்குமாம்
இந்தச் சட்டம் போட்டவரு எந்தக் கட்டில் தூங்கினாராம்?

மகள்கள் இருவரும் அதை ஆற்றில் துணி துவைக்கும்போது பாடினார்கள். அங்கிருந்து ஆலைக்குப் போயிற்று. மாவு மூட்டைகளோடு சந்தைக்குப் போயிற்று. கிறிஸ்துமஸுக்குள் மடத்துச் சமையலறைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு மாலை, பாதி மடம் லத்தீனில் தொடங்கி மூன்றாவது அடியில் ஆங்கிலத்துக்கு வழுக்கியது. தலைவர் பாட்டை நிறுத்தினார். வழுக்கியவர்களுக்கு ஒரு வாரம் ரொட்டியும் தண்ணீரும்.

பிப்ரவரியில் மன்னரின் நீதிபதி மாவட்டத்துக்கு வந்தார். மடம் புதிய புகார் கொடுத்தது. ஹாமோவின் சார்பில் டன்ஸ்டன் போயிருந்தான். அங்கே நடந்ததை அவன்தான் எங்களுக்குச் சொன்னான்.

நீதிபதி பிரெஞ்சில் பேசினார். எழுத்தர் லத்தீனில் எழுதினார். அங்கே நின்றவர்களுக்கு ஆங்கிலம்தான் தெரியும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

"பிரபுவே, நோயாளி கட்டில்ல இருக்கான்" என்றார் ஜெர்வேஸ். "ஆனா அவன் பாட்டு ஊர் சுத்துது. சந்தையில பாத்தோம். ஆலையில பாத்தோம். பாட்டுங்கறது மனுஷனோட மூச்சு. மூச்சு வெளிய திரிஞ்சா ஆளும் வெளிய திரிஞ்ச மாதிரிதானே?"

"பாட்டு என்ன சொல்லுது?" என்று நீதிபதி கேட்டார்.

மடத்தார் எழுதிக் கொடுத்த பாட்டைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார்: ஆற்றோரம் ஆறு மரங்கள் உள்ளன. பிரதிவாதிக்கு ஒரு தந்தை இருந்தார். துறவி ஒருவர் காத்திருக்கிறார். முடிவில், கட்டில்களைப் பற்றிப் பிரதிவாதிக்கு ஒரு சந்தேகம்.

நீதிபதி யோசித்தார். "இதுல என்ன குத்தம்?"

"இல்ல பிரபுவே, அப்படிச் சொன்னா தெரியாது" என்றார் ஜெர்வேஸ். "பாடினாத்தான் தெரியும்." மூக்கைச் சிந்திவிட்டுப் பாடினார். பனிக்காலம் முழுவதும் கேட்டிருந்ததால் ஒரு சொல் பிசகவில்லை. ஜலதோஷத்தையும் மீறி நல்ல குரல். கடைசி அடியை வாசல் காவலர்களும் சேர்ந்து பாடினார்கள். எழுத்தர் காலால் தாளம் போட்டதை டன்ஸ்டன் பார்த்தான்.

நீதிபதி ஒரு நாள் முழுவதும் புத்தகங்களைப் புரட்டிவிட்டுத் தீர்ப்பு சொன்னார். மூச்சும் ஆளும் ஒன்று என்றால் இந்த நாட்டில் யாரும் வீட்டில் இல்லை. ஆகவே பாட்டு வேறு, ஹாமோ வேறு. ஆனால் பாட்டு அனுமதியில்லாமல் திரிகிறது. அதைப் பிடித்துவந்து நிறுத்த வேண்டியது மாவட்டக் காவல் அதிகாரி ஷெரீப்பின் பொறுப்பு.

ஷெரீப்பின் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பீப்பாய்களைத் திறந்து பார்த்தார்கள். வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள்.

"பாட்டு இங்க இருக்கா?"

"இருந்துச்சே" என்றாள் ஆல்டித். "இப்பத்தான் வெளிய போச்சு. வழியில பாக்கலையா?"

அவர்கள் அதையே சீட்டியடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். 'எங்கள் எல்லைக்குள் கிடைக்கவில்லை' என்று ஷெரீப் எழுதி அனுப்பினார்.

கிடைக்காதவரை ஐந்து மாதம் ஐந்து மாவட்டச் சபைகளில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஐந்தாவது தடவையும் வராவிட்டால் அவர் சட்டத்துக்கு வெளியே தள்ளப்படுவார். பாட்டுக்குப் பேர் இல்லை, அப்பா பேரும் இல்லை. பேர் இல்லாதவரைக் கூப்பிடும்போது அங்க அடையாளம் முழுவதையும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே சபைக் கூவுநர் மாதம் ஒரு முறை மேடையேறி இரண்டு பத்தியையும் முழுசாகப் பாடினார். முதல் மாதம் வெட்கப்பட்டார். மூன்றாவது மாதம் தொண்டைக்குத் தேன் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் எழுத்தர் அதைப் பதிவேட்டில் ஏற்றி, 'மறுப்புச் சொல்ல யாரும் வரவில்லை' என்று கீழே எழுதினார். ஒவ்வொரு முறையும் ஜெர்வேஸ் முதல் வரிசையில் நின்று, 'மடம் சம்மதிக்கிறது' என்று கையொப்பமிட்டார். ஐந்தாவது மாதம் மூன்று மாவட்டங்களிலிருந்து ஆள் வந்திருந்தார்கள்.

பாட்டு வரவில்லை. அதாவது, தானாக முன்வரவில்லை. ஜூன் கடைசியில் அது சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. இனி அதைக் கண்ட இடத்தில் யாரும் கொல்லலாம். எங்கள் ஆலைக்காரர் அன்று மாலையே அதைப் பாடினார். அவர் குரலில் அது செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். மறுநாள் அவர் மனைவி பாடினாள், பிழைத்துக்கொண்டது.

ஜூலையில் ஹாமோவின் ஒரு வருடமும் ஒரு நாளும் முடிந்தன. அவன் கால்சட்டை மாட்டி, பட்டை கட்டி, காலணி போட்டுத் தரையில் நின்றான். ஆல்டித் தோளைக் கொடுத்தாள். இருவரும் எட்டு மைல் நடந்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாங்களும் போனோம்.

மடத்தின் தோல் ஏட்டை ஜெர்வேஸ் விரித்தார். மை இதற்குள் காய்ந்திருந்தது.

"உன்கிட்ட என்ன ஏடு இருக்கு?" என்று நீதிபதி கேட்க, மொழிபெயர்ப்பாளர் அதை எங்களுக்குச் சொன்னார்.

"ஏடு இல்லீங்க. நிலம்தான் இருக்கு."

"ஏடு இல்லாம நிலம் எப்படி இருக்கும்?"

"அது பாட்டுக்கு இருக்குங்க."

ஜெர்வேஸ் நெருங்கி வந்து அவன் காதில் பேசினார். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது. "ஹாமோ, தலைவர் இறங்கி வந்திருக்கார். அந்தப் பாட்டு நீ போட்டதில்லைன்னு வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சொல்லிடு. உன் ஆயுசு வரைக்கும் புல்வெளி உனக்கே. எழுதித் தர்றோம்."

"என் ஆயுசுக்கு அப்புறம்?"

"அப்புறம் உனக்கு எதுக்குப்பா புல்லு?"

"பொண்ணுங்க இருக்காங்களே சாமி."

"யோசிச்சுச் சொல்லு. போட்டேன்னு சொன்னா சட்டத்துக்கு வெளிய போனவனுக்கு அடைக்கலம் குடுத்த குத்தம். நிலமும் போகும், நீயும் போவே."

ஹாமோ ஆல்டித்தைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பாக்கறே?" என்றாள் அவள். "ஒரு வருஷம் உன்னைத் தூக்கிச் சுமந்தது நீ குனிஞ்சு நிக்கறதைப் பாக்கவா?"

வேதப் புத்தகத்தை நீட்டினார்கள். ஹாமோ அதன் மேல் கை வைத்தான்.

"பாட்டு நான் போட்டது. முதல் அடியிலேருந்து கடைசி அடி வரைக்கும். மெட்டு மட்டும் அவங்களுது. நிலம் எங்க அப்பன் குடுத்தது, அதை நீங்க எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்குவீங்க. இது நான் உண்டாக்கினது. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"ஒத்துக்கிட்டான்!" என்றார் ஜெர்வேஸ். "எழுதுங்க! சொன்னதை அப்படியே எழுதுங்க!"

எழுத்தர் எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டுப் பழைய பதிவேட்டைப் புரட்டினார். பிறகு எழுந்து போய் நீதிபதியின் காதில் நெடுநேரம் பேசினார். நீதிபதியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"மன்னரோட பதிவேட்டுல தப்பு இருக்க முடியாது" என்று நீதிபதி தொடங்கினார். "தப்பு இருந்தா அது உலகத்துலதான் இருக்கும். இந்தப் புல்வெளிக்குக் கிழக்கே வெள்ளைக்கல், மேற்கே வாய்க்கால், ஆறாவது மரம் வரைக்கும் தகப்பன் குடுத்த நிலம்னு அஞ்சு சபையில கூவியிருக்கு. அஞ்சு தடவையும் மறுப்பு இல்லை. அஞ்சு தடவையும் மடம் சம்மதிச்சுக் கையொப்பம் போட்டிருக்கு. யார் சொன்னதுங்கறது மட்டும்தான் காலியா இருந்துச்சு. இப்ப அதையும் எழுதியாச்சு. ஆள் பேர், எல்லை, சாட்சி, சம்மதம் எல்லாம் இருக்கு. இதுக்குப் பாட்டுன்னு பேர் இல்லை. பத்திரம்னு பேர்."

ஜெர்வேஸ் முக்காலியைத் தேடினார். அதை அவர் கொண்டு வரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

புல்வெளி ஹாமோவுக்கும் அவன் வாரிசுகளுக்கும் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அடைக்கலம் கொடுத்த குற்றத்தை விட முடியாது. குற்றம் எங்கே நடந்ததோ அந்த இடம் மன்னருக்குச் சேர வேண்டும். குற்றம் கட்டிலில் நடந்திருக்கிறது. கட்டிலைப் பறிமுதல் செய்து கொண்டுவரும்படி நான்கு பிரபுக்களுக்கும் உத்தரவாயிற்று.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி கேட்டார். அது வழக்கமான கேள்வி. இருபது வருடத்தில் ஒருவரும் பதில் சொன்னதில்லை.

"ஆமாங்க" என்றான் ஹாமோ. தொண்டையைச் செருமிக்கொண்டான். "வர்ற வழியில இன்னொண்ணு போட்டேன். உங்களைப் பத்தி."

எழுத்தர் பேனாவை மையில் தொட்டார். நீதிமன்றம் கூடியிருக்கும்போது சொல்வது எல்லாம் பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் ஏறியது எல்லாம் உண்மை. நீதிபதி எழுந்துவிட்டால் நீதிமன்றம் இல்லை.

நீதிபதி எழுந்தார். அங்கியின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பின் கதவை நோக்கி ஓடினார். மொழிபெயர்ப்பாளர் தொடர்ந்தார். மடத்துத் தலைவர் பக்கத்துக் கதவைத் தேர்ந்தெடுத்தார்.

ஹாமோ இரண்டாவது அடிக்கு வரும்போது மேடையில் யாரும் இல்லை. அவன் நிறுத்தவில்லை. நின்றபடியே, கடைசி அடி வரைக்கும் பாடினான்.